கணினி கேள்வி–பதில்: கருவியைப் புதுப்பித்தால் பழைய வாடிக்கையாளர்கள் என்ன ஆவார்கள்?

கேள்வி: சிங்கப்பூரில் தேக்கா, கேலாங் வட்டாரக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருளை எழுதிக் கொடுத்து, பராமரிப்பையும் நானே பார்த்து வருகிறேன். எல்லாம் விஷுவல் ஸ்டூடியோ 2015 என்ற நிரல் எழுதும் கருவியில், டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.5 என்ற, நிரல்கள் ஓடுவதற்கான தளத்துக்கு எழுதியவை. அந்த விஷுவல் ஸ்டூடியோவுக்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. 2022 பதிப்புக்கு மாறி, எல்லாவற்றையும் அந்தத் தளத்துக்குப் பின் வந்த டாட்நெட் 8இல் திருத்தி எழுதச் சொல்கிறான் என் மகன். சில கடைகளில் இன்னும் விண்டோஸ் 7தான் இருக்கிறது. நான் என்ன செய்யலாம், ஐயா?
– ஒரு வாசகர், காக்கி புக்கிட்

பதில்: உங்கள் மகனின் யோசனையில் இரண்டு முடிவுகள் கலந்திருக்கின்றன. நீங்கள் நிரல் எழுதும் கருவியை மாற்றுவது ஒன்று. கடையில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலை மாற்றுவது வேறு. முதலாவதைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டாவதை ஒவ்வொரு கடையின் நிலையையும் பார்த்துத் தனித்தனியாக முடிவு செய்யுங்கள்.

டாட்நெட் 8 விண்டோஸ் 7இல் ஆதரிக்கப்படுவதில்லை. டாட்நெட் 8க்கான ஆதரவும் 2026 நவம்பருடன் முடிகிறது. ஆகவே இப்போது அதை நோக்கி எல்லாவற்றையும் திருத்தி எழுதினால், முடித்த கையோடு அடுத்த பதிப்புக்குப் போக வேண்டியிருக்கும். டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8 அப்படியல்ல. அது சர்வீஸ் பேக் 1 என்ற புதுப்பிப்பு சேர்க்கப்பட்ட விண்டோஸ் 7இலும் நிறுவக்கூடியது, 4.5 இருக்கும் இடத்திலேயே அமர்ந்துகொள்வது, 4.5க்கு எழுதிய நிரல்கள் பெரும்பாலும் அதில் மாற்றமின்றி ஓடும். உங்கள் கடைகளுக்கு இப்போதைக்கு அதுவே பொருத்தம் என்பது என் கருத்து. எனினும் விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது என்பதைக் கடைக்காரர்களிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வாடிக்கையாளரின் தொலைபேசி எண்களைச் சேமித்து வைத்திருக்கும் கடைக்குத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைக் காக்கும் பொறுப்பு உண்டு.

கருவியைப் பொறுத்தவரை ஒரு விஷயத்தை முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள். விஷுவல் ஸ்டூடியோ 2022 ஒரு 64 பிட் நிரல்; 32 பிட் கூறுகளை அதனால் தனக்குள் ஏற்ற முடியாது. உங்கள் படிவங்களில் (நிரலின் திரைகளில்) ஆக்டிவ்எக்ஸ் எனப்படும் பழைய வகை 32 பிட் கூறுகள் இருந்தால், நிரல் தொகுக்கப்பட்டாலும் (ஓடக்கூடிய கோப்பாக மாற்றப்பட்டாலும்), படிவத்தைத் திரை அமைக்கும் வடிவமைப்பானில் திறக்கும்போது அந்தக் கூறு தோன்றாமல் பிழைச் செய்தி வரக்கூடும். அப்படி வந்தால், விஷுவல் ஸ்டூடியோ சந்தாவின் மூலம் கிடைக்கும் பட்சத்தில் 2019 பதிப்பை நாடுங்கள்: அது 32 பிட், ஆதரவும் 2029 ஏப்ரல் வரை உண்டு. எதை நிறுவினாலும் 2015 பதிப்பை அதே கணினியில் நீக்காமல் விட்டு வைக்கலாம்.

இருப்பினும் அந்தக் கணினியை மட்டும் நம்பியிருக்காதீர்கள். பழைய சூழல் முழுவதையும் ஒரு மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினியில்) தனியாக வைத்து, எந்தக் கடையில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்ற குறிப்போடு அதன் மூல நிரலையும், வெளியாரிடம் வாங்கிய கூறுகளின் நிறுவல் கோப்புகளையும் உரிமக் குறியீடுகளையும் அங்கேயே சேருங்கள். பிறகு ஒரு கடையின் நிரலை அந்த மெய்நிகர் கணினியிலிருந்தே மீண்டும் தொகுத்து, கடையில் இருப்பதைப் போலவே நடந்துகொள்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் தொலைந்துபோயிருப்பது உரிமக் குறியீடுதான்.

பொருள், சேவை வரி மாறும்போதுதான் இந்த வேலையின் அருமை தெரியும். 2023 ஜனவரி 1ஆம் தேதி 7 விழுக்காட்டிலிருந்து 8க்கும், 2024 ஜனவரி 1ஆம் தேதி 9க்கும் உயர்ந்தபோது, எல்லாக் கடைகளுக்கும் ஒரே இரவில் திருத்தம் தேவைப்பட்டது. விழுக்காடு நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால், ஒவ்வொரு கடையின் நிரலையும் தொகுத்து அனுப்பியே ஆக வேண்டும். 2023 டிசம்பரில் விற்ற புடவை ஜனவரியில் திரும்பி வந்தால் பழைய 8 விழுக்காட்டிலேயே வரவுக் குறிப்பு போட வேண்டும் என்பதால், விழுக்காட்டைத் தேதியோடு ஒரு அட்டவணையில் வைப்பதே முறை. கருவியை மாற்றுவதற்கு முன்பே இந்தத் திருத்தத்தைச் செய்துவிடுங்கள். பின்னர் இரண்டையும் சேர்த்துச் செய்தால் பிழை எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது.

4.8க்கு மாற்றிய பதிப்பை முதலில் கூட்டம் குறைந்த ஒரு கடையில் நிறுவி, அங்கே ஒரு மாதக் கணக்கு சரியாக முடிந்த பிறகு மற்ற கடைகளுக்குக் கொண்டு செல்லுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தேக்கா கடை எதிலும் கை வைக்க வேண்டாம். கருவிக்கான செலவை நீங்களே ஏற்பதுதான் நியாயம். கடையின் நிரலை மாற்றும் வேலைக்கு மட்டும் பராமரிப்புக் கட்டணத்துக்கு அப்பால் எத்தனை வெள்ளி என்பதை, வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கொடுங்கள்.