பணம் வருவதற்கு முன்பே பேசலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் மானுடவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அலாஸ்காவின் வடகோடியில் இருக்கும் உட்கியாக்விக்கில், இன்யூபியாட் பழங்குடி மக்கள் திமிங்கில இறைச்சியைச் சேமிக்க உறைநிலத்தில் தோண்டும் நிலவறைகள்தான் என் தலைப்பு. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆர்க்டிக் சமூக அறிவியல் பிரிவில் நிதி கேட்கப்போகிறேன். ஊர்க்காரர்களிடம் முதலில் பேசிவிடு என்கிறார் நெறியாளர். பணமே வரவில்லை, போவதும் நிச்சயமில்லை. என்ன சொல்லிப் பேச்சைத் தொடங்குவது?

க.

அன்புள்ள க.,

நெறியாளர் சொல்வதுதான் சரி. ‘பணம் இன்னும் வரவில்லை, இப்படி ஒரு யோசனை, உங்களுக்கு இதில் பயன் உண்டா’ என்று உள்ளதை உள்ளபடி கேளுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு போய்க் கேட்டால், வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு என்ன இடம் இருக்கிறது?

1977இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் அங்கே போஹெட் என்ற திமிங்கில வகையின் வேட்டையைத் தடை செய்தது. மிஞ்சியவை இரண்டாயிரம்கூடத் தேறாது என்பது அப்போதைய மதிப்பீடு. பனி விளிம்பில் நின்று, கண்ணில் பட்டதை வைத்து ஆய்வாளர்கள் போட்ட கணக்கு அது. திமிங்கிலம் பனிக்கு அடியிலும் போகும், கரையைவிட்டு வெகுதூரத்திலும் போகும் என்றார்கள் வேட்டைக்காரர்கள். அந்த ஆண்டே தங்களுக்கென ஓர் ஆணையமும் அமைத்துக்கொண்டார்கள். பிறகு தண்ணீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது அவர்கள் சொன்னது உண்மை என்று தெரிந்தது. 2011 கணக்கெடுப்பில் 16,000க்கு மேல். (நடுவில் இனம் பெருகியதும் உண்டு, எல்லாமே பழைய கணக்கின் பிழை என்று சொல்ல முடியாது.) நோட்டுப் புத்தகத்தோடு போய் இறங்கும் உங்களை அவர்கள் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தால் வருத்தப்படாதீர்கள்.

அப்புறம், விண்ணப்பம் பல்கலைக்கழகம் வழியாகத்தான் போகும். நெறியாளர் முதன்மை ஆய்வாளர், நீங்கள் இணை. இந்த ஆண்டு அறிவிப்பு வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைவிடப் பெரிய வேலை பட்ஜெட். அந்த ஊருக்குச் சாலை கிடையாது, விமானம்தான். டிக்கெட், தங்குமிடம் என்று எழுதிவிட்டு நிறுத்திவிடத் தோன்றும். நிலவறையைத் திறந்து காட்டுபவரின் ஒரு நாளுக்கு என்ன கொடுப்பது, பனிவண்டிக்கு எவ்வளவு பெட்ரோல், கண்டதைச் சொல்ல மறுபடி ஊருக்குப் போகும் டிக்கெட் எந்த மாதத்தில்? அவர்களிடம் பேசாமல் இதையெல்லாம் எப்படி எழுதுவீர்கள்?

ஏப்ரல், மே மட்டும் வேண்டாம். வேட்டைக்குழுக்கள் பனிமேல் இருக்கும் காலம். உங்களிடம் உட்கார்ந்து பேச ஆள் கிடைக்காது.