அப்பாவின் ஸ்பெக்ட்ரம்: முதலில் கேசட், பிறகுதான் கரண்ட்

கேள்வி: என் அப்பா 1980களில் மேற்படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தபோது வாங்கிய சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே கம்ப்யூட்டர் பரணில் கிடைத்தது. ரப்பர் விசைகள் வைத்த சின்ன கறுப்பு மாடல். கூடவே அதன் அடாப்டர், டிவி கேபிள், அப்பா கைப்பட எழுதிய லேபிள்களோடு சில கேசட்டுகள். அதில் அவரே எழுதிய புரோகிராம்கள் இருப்பதாகச் சொல்கிறார். கடைசியாக எப்போது ஓடியது என்று அவருக்கே நினைவில்லை. நேரடியாக பிளக்கில் மாட்டிப் பார்க்கலாமா? இன்றைய எல்இடி டிவியில் படம் வருமா? கேசட்டில் இருப்பதை எடுக்க முடியுமா? – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: மாட்ட வேண்டாம், இன்றைக்கு வேண்டாம். நீங்கள் மூன்றாவதாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

காரணம் எளிது. ஸ்பெக்ட்ரம் அரிய பொருள் இல்லை. 1982 ஏப்ரலில் 48கே மாடல் 175 பவுண்டுக்கு விற்பனைக்கு வந்தது. பிரிட்டனில் லட்சக்கணக்கான வீடுகளில் இருந்தது. உங்களுடையது போய்விட்டால் வேறொன்று வாங்கலாம், உதிரி பாகங்களும் கிடைக்கின்றன. அப்பா எழுதிய புரோகிராம் அந்த கேசட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. அதை மீட்க ஸ்பெக்ட்ரமே தேவையில்லை என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். ஒரு கேசட் பிளேயரும் ஒரு சாதாரண கம்ப்யூட்டரும் போதும்.

கேசட்டைப் பிளேயரில் போடுமுன் வெளிச்சத்தில் பாருங்கள். டேப் சுற்றின் மேல் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சை. அதை ஓட்டினால் பிளேயர் ஹெட்டும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். அப்படிப்பட்டதைத் தனியே எடுத்து வையுங்கள். ஹெட் வந்து தொடும் இடத்தில் ஒரு சின்ன பஞ்சுத் துண்டு இருக்க வேண்டும். பழைய கேசட்டுகளில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும். எல்லாம் சரியாக இருந்தால், ஒருமுறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றி, டேப்பைத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

பிளேயர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். யூஎஸ்பி வைத்து இப்போது மலிவாக விற்கும் கையடக்க பிளேயர்களில் வேகம் நிலையாக இருக்காது. பாட்டு கேட்க அது பெரிய குறை இல்லை, ஆனால் ஸ்பெக்ட்ரம் தகவல் முழுவதும் துடிப்புகளின் நீளத்தில்தான் இருக்கிறது. நீளத் துடிப்பு ஒன்று, குட்டைத் துடிப்பு பூஜ்யம், அவ்வளவே. மோட்டார் தள்ளாடினால் ஒன்று எது, பூஜ்யம் எது என்றே தெரியாமல் போகும். சொந்தக்காரர் வீட்டில் பழைய டேப் ரெக்கார்டரோ டெக்கோ இருந்தால் அதைக் கேட்டு வாங்கி, ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துப் பயன்படுத்துங்கள். டால்பி பட்டன் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

அதன் ஹெட்போன் அல்லது லைன் வெளியீட்டிலிருந்து கம்ப்யூட்டரின் லைன்-இன்னுக்கு ஒயர் கொடுத்து, ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் 44.1 கிலோஹெர்ட்ஸில் வேவ் கோப்பாகப் பதியுங்கள். எம்பி3 கூடாது. மொபைலை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து வாய்ஸ் ரெக்கார்டரில் பதிவதும் கூடாது. அது சத்தத்தைத் தானாக ஏற்றி இறக்கி எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

ஓடும்போது காது கொடுத்துக் கேளுங்கள். முதலில் சுமார் 5 விநாடி ஒரே சீரான 'பீ' என்ற ஒலி, பிறகு ஒரு நொடிக்கும் குறைவான கரகரப்பு. அந்தக் கரகரப்புக்குள் புரோகிராமின் பெயர் இருக்கிறது. அதிகபட்சம் 10 எழுத்து. சற்று இடைவெளி விட்டு இன்னொரு குட்டி 'பீ', அதன் பின்னால் நீண்ட கரகரப்பு: அதுதான் புரோகிராம். இந்த வரிசை கேட்டால் லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் அது ஸ்பெக்ட்ரம் பதிவுதான். ஒலி கம்பளிக்குள்ளிருந்து வருவது போல மங்கலாக இருந்தால் ஹெட் சற்றே சாய்ந்திருக்கிறது என்று பொருள். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சின்ன ஸ்க்ரூ இருக்கும். டேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை இம்மியளவு அப்படியும் இப்படியும் திருப்பி, ஒலி எங்கே மிகக் கூர்மையாகிறதோ அங்கே நிறுத்துங்கள். 'டேப் லோடிங் எரர்' என்று அந்தக் காலத்தில் அழுதவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஸ்க்ரூதான் மருந்தாக இருந்திருக்கும்.

கிடைத்த வேவ் கோப்பை ஸ்பெக்ட்ரம் டேப் கோப்பாக மாற்ற இலவசக் கருவிகள் உண்டு. ஸ்பெக்ட்ரம் போலவே லேப்டாப்பில் நடந்துகொள்ளும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். அப்படி ஒன்றான ஃப்யூஸின் துணைக் கருவிகளில் ஆடியோடுடேப் என்று ஒன்று இருக்கிறது. மாற்றிய கோப்பை ஃப்யூஸிலேயே திறந்தால் அப்பாவின் புரோகிராம் உங்கள் லேப்டாப்பில் ஓடும். ஒவ்வொரு கேசட்டின் இரு பக்கத்தையும் முழுதாகப் பதியுங்கள். விவரம் தெரிந்தவர்கள் ஒரே புரோகிராமை இரண்டு முறை அடுத்தடுத்து சேவ் செய்து வைப்பது வழக்கம். முதலாவது கெட்டிருந்தாலும் இரண்டாவது காப்பாற்றும். எமுலேட்டர் சட்டப்படி சரியா என்றும் சிலர் கேட்பதுண்டு. 1986இல் சின்க்ளேரின் கம்ப்யூட்டர் தொழிலை ஆம்ஸ்ட்ராட் வாங்கியது. பிற்பாடு ஸ்பெக்ட்ரத்துக்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் ரோம் மென்பொருளை எமுலேட்டர்களோடு சேர்த்து வழங்க அந்த நிறுவனமே அனுமதி கொடுத்துவிட்டது. கவலை வேண்டாம்.

சரி, கேசட் பத்திரமாகிவிட்டது. இப்போது கம்ப்யூட்டர்.

இங்கிலாந்து மின்சாரமும் நம்முடையதும் ஏறக்குறைய ஒன்றுதான், 50 ஹெர்ட்ஸ். ஆகவே அடாப்டரை பின் மாற்றும் கன்வெர்ட்டரோடு நம் சாக்கெட்டில் போடலாம். ஆனால் கம்ப்யூட்டரில் செருகாமல் தனியாக முதலில் போட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். மேலே 9 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும், மீட்டர் 12, 13 காட்டும். பயப்பட வேண்டாம், அது ரெகுலேட் செய்யாத அடாப்டர், சுமை ஏறினால் தானாக இறங்கும். சிவப்பு முனையை பிளக்கின் உள்ளேயும் கறுப்பை வெளியேயும் வைத்தால் மைனஸ் காட்ட வேண்டும். ஆமாம், ஸ்பெக்ட்ரத்தில் நடுவில் நெகட்டிவ். செட்டாப் பாக்ஸ், ரவுட்டர் அடாப்டர்களில் நடுவில் பாசிட்டிவ். 'பின் பொருந்துதே' என்று வீட்டில் கிடந்த ஒன்றைச் செருகி ஸ்பெக்ட்ரத்தை ஒரே நொடியில் கொன்றவர்கள் உண்டு. பழைய அடாப்டர் கெட்டிருந்தால் இசைக்கருவிக் கடைகளில் கிடார் எஃபெக்ட் பெடலுக்கான 9 வோல்ட் அடாப்டர் கேளுங்கள். அவற்றில் பெரும்பாலானவை நடு நெகட்டிவ்தான். ஆனால் சின்னது போதாது, 1.4 ஆம்பியருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வாங்கினாலும் மீட்டரில் பார்த்துவிட்டே செருகுங்கள்.

அப்புறம் உள்ளே. அடியில் ஐந்து ஸ்க்ரூ. கழற்றிவிட்டு மேல் பாகத்தைச் சட்டென்று தூக்காதீர்கள். கீபோர்டிலிருந்து இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் நாடாக்கள் போர்டில் செருகியிருக்கும். நாற்பது வருடத்தில் அவை அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். பெரும்பாலும் உடைவது இவைதான். மெதுவாக நேராக இழுத்து எடுங்கள். உடைந்தாலும் உலகம் முடிந்துவிடாது. விசைகளுக்கு அடியில் நாடாக்களோடு சேர்ந்திருக்கும் தாள்தான் மெம்ப்ரேன். புதிய மெம்ப்ரேன் இன்றும் செய்து விற்கிறார்கள், இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். அதை மாற்ற மேலே ஒட்டியிருக்கும் உலோகத் தகட்டை எடுக்க வேண்டும். ஹேர் டிரையரால் சூடாக்கிப் பொறுமையாக எடுக்காவிட்டால் தகடு வளையும், வளைந்தது நிமிராது. பிற்பாடு ஏதேனும் ஒரு வரிசை, உதாரணமாக 1 முதல் 5 வரை, மொத்தமாக வேலை செய்யாவிட்டால் தனி விசைகளைக் குறை சொல்லாதீர்கள். நாடாவில் ஒரு கோடு அறுந்திருக்கிறது.

போர்டில் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று கசிந்தாலும் அத்தனையையும் மாற்றிவிடுவது நல்லது. செலவு அதிகமில்லை, கோவையிலேயே கிடைக்கும், இல்லையென்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கவே இருக்கிறது.

இனி நாடாக்களைச் செருகாமலேயே மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம். இந்த மாடலில் சுவிட்ச் கிடையாது, பிளக்தான் சுவிட்ச். நன்றாக இருந்தால் திரை ஒரு கணம் கறுத்து, பிறகு வெளுத்து, அடியில் 1982 சின்க்ளேர் ரிசர்ச் லிமிடெட் என்ற காப்புரிமை வரி வரும். கோடு கோடாகவோ வண்ணக் கட்டங்களாகவோ நின்றுவிட்டால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். பெரும்பாலும் பழுது கீழ் ரேமில், அதாவது முதல் 16கே நினைவகத்தில் இருக்கும். அந்த எட்டு 4116 ஐசிகளும் ஒன்றல்ல, மூன்று வோல்டேஜ் கேட்பவை: முதல் காலில் மைனஸ் 5, எட்டாவதில் 12, ஒன்பதாவதில் 5, பதினாறாவது கிரவுண்ட். இதில் மைனஸ் 5 நின்றுபோனால் ஐசிகளே செத்துவிடும். அந்த வோல்டேஜ்களை உருவாக்கும் சின்ன சர்க்யூட்டில் டிஆர்4 என்று அச்சிட்ட டிரான்சிஸ்டர்தான் இந்தக் கம்ப்யூட்டரின் பலவீனமான இடம். மின்சாரம் இருக்கும்போதே பின்பக்கக் கனெக்டரில் எதையாவது செருகுவதும் பிடுங்குவதும்தான் அதைக் கொல்லும் வழக்கமான வழி. ஆகவே ஐசியைச் சந்தேகிப்பதற்கு முன் வோல்டேஜ் பாருங்கள். மீட்டர் முனை நழுவி இரண்டு கால்களைச் சேர்த்துத் தொட்டால் நீங்களே புதுப் பழுதை உண்டாக்குவீர்கள், அது வேறு கதை. கை நடுங்கும் என்றால் பழைய டிவி மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஸ்பெக்ட்ரம் தெரியாவிட்டாலும் அவருக்கு இந்த வேலை தெரியும்.

டிவி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்பெக்ட்ரம் ஆன்டெனா சாக்கெட் வழியாக, பிரிட்டனின் யூஎச்எஃப் சேனல் 36இல், அதாவது 591 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில், படம் அனுப்புகிறது. உங்கள் டிவியில் அனலாக் டியூனர் இருந்தால் மேனுவல் டியூனிங்கில் அங்கே தேடுங்கள். பிரிட்டன் டிவி முறையும் நம்முடையதும் வேறாயிற்றே என்பார்கள். வேறுபாடு முக்கியமாக ஒலியில்தான். 48கே மாடல் டிவிக்கு ஒலியே அனுப்புவதில்லை, உள்ளேயே ஒரு குட்டி ஸ்பீக்கர் வைத்துக் கத்துகிறது. அதனால் இங்கும் படம் வரும், ஆனால் புள்ளி தெறித்தபடி வரும். நல்ல வழி, படத்தை டிவி சிக்னலாக மாற்றும் மாடுலேட்டர் பெட்டிக்குள் போகும் வீடியோ ஒயரைக் கழற்றி அதே சாக்கெட்டின் நடுமுனைக்கு நேராகக் கொடுப்பது. பிறகு டிவியின் மஞ்சள் ஏவி சாக்கெட்டில் சாதாரண ஆடியோ கேபிளாலேயே இணைக்கலாம். இரண்டு ஒயர் வேலை, வேண்டுமானால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். அசல் நிலை கெடும் என்று சேகரிப்பாளர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். ஓட்டிப் பார்க்க வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு அந்தக் கவலை தேவையில்லை என்பது என் கருத்து.

படம் வந்ததும் முதல் சோதனையாக இதை அடியுங்கள்: ப்ரின்ட் பீக் 23732 + 256 * பீக் 23733. எழுத்தெழுத்தாக அல்ல, பி (P) விசையை ஒருமுறை தட்டினாலே ப்ரின்ட் முழுச் சொல்லாக வரும். பீக் வர, கேப்ஸ் ஷிஃப்ட், சிம்பல் ஷிஃப்ட் இரண்டையும் சேர்த்து அழுத்தி விட்டுப் பிறகு ஓ. கூட்டல் சிம்பல் ஷிஃப்ட்டோடு கே, பெருக்கல் சிம்பல் ஷிஃப்ட்டோடு பி (B). அப்பாவிடம் கொடுத்துப் பாருங்கள், விரல்களுக்கு நினைவிருக்கலாம். விடை 65535 என்றால் 48கே முழுதும் உயிரோடு இருக்கிறது. 32767 என்றால் மேல் ரேம் போய்விட்டது, கம்ப்யூட்டர் தன்னை 16கே என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியும் சின்ன புரோகிராம்கள் ஓடும்.

இந்த நிலைக்கு வந்துவிட்டால், ஏற்கெனவே பதிந்த ஒலியை லேப்டாப்பிலிருந்தே இயர் சாக்கெட்டில் கொடுத்து லோட் செய்யலாம். ஜே (லோட் என்று வரும்), பிறகு சிம்பல் ஷிஃப்ட்டோடு பி (P) இரண்டு முறை, என்டர். வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் வையுங்கள். ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும் ஓடினால் 'பீ' ஒலி கேட்கிறது, நீலமும் மஞ்சளும் என்றால் தகவல் ஏறுகிறது. அடிக்கடி விளையாட நினைத்தால் எஸ்டி கார்டிலிருந்து ஏற்றும் டிவ்எம்எம்சி வகைக் கருவி வாங்கலாம், ஆனால் ரேம் சரியான பிறகு. வெறுமனே பழைய விளையாட்டுதான் வேண்டும், சால்டரிங் எல்லாம் வேண்டாம் என்றால் 2024இல் ரெட்ரோ கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட தி ஸ்பெக்ட்ரம் எச்டிஎம்ஐ கேபிளோடு வருகிறது. அதில் உங்கள் கேசட்டை ஓட்ட முடியாது, ஆனால் மாற்றி வைத்த கோப்பை யூஎஸ்பியில் போட்டு ஓட்டலாம்.

நடுவில் எங்காவது சிக்கினால் ஆர்வலர் குழுக்களில் கேட்கலாம். இந்தக் கம்ப்யூட்டரைத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் பிரிட்டன், ஸ்பெயின், போலந்து பக்கம் இருக்கிறார்கள். கேள்வி ஒழுங்காக இருந்தால் வரிந்துகட்டிக்கொண்டு உதவுவார்கள். நம் ஊரிலும் தேடலாம். 1980களில் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸை உரிமம் பெற்று இந்தியாவிலேயே விற்றது, அதில் படித்தவர்கள் இன்று ஐம்பதுகளில் இருப்பார்கள். 'ஓடவில்லை, என்ன செய்வது' என்று மட்டும் எழுதினால் பதில் வராது. போர்டில் அச்சிட்டிருக்கும் இஷ்யூ (பதிப்பு) எண், போர்டின் இரு பக்கப் படம், திரையில் வந்ததன் படம், 4116இன் மூன்று கால்களில் மீட்டர் காட்டிய எண்கள், இந்த நான்கையும் முதல் பதிவிலேயே போடுங்கள்.