துறை மாறணும், ஆனால் எதற்கு? எங்கே தேடுவது?

கேள்வி: மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன், வயது 31. ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் 9 ஆண்டுகளாகக் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். ஷிப்ட் உடம்புக்கு ஒத்துவரவில்லை. சம்பளமும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வேறு என்ன வேலைக்குப் போகலாம் என்று பார்க்கவே வழி தெரியவில்லை. ஆலோசகர் ஒருவர் டெஸ்ட், கவுன்சலிங், வேலை ஏற்பாடு எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: இப்போது கட்டாதீர்கள். டெஸ்டும் தகவலும் இலவசமாகவே கிடைக்கின்றன. ‘வேலை ஏற்பாடு’ என்று சொல்லி முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் விலகிவிடுவதே நல்லது.

உங்களுக்கு வழி தெரியாததற்குக் காரணம், தேடும் பெட்டியில் ‘டிப்ளமோ மெக்கானிக்கல்’ என்று அடிப்பதுதான். அப்படி அடித்தால் இப்போது பார்க்கும் வேலையே வேறு கம்பெனிப் பெயரில் வந்து நிற்கும். படிப்பை விட்டுவிட்டு, செய்யும் காரியத்தை வைத்துத் தேடுங்கள். அதற்கு இரண்டு வாரம் ஒரு பாக்கெட் நோட்டில், ஷிப்ட் முடிந்ததும் ஐந்து வரி எழுதுங்கள்: என்ன செய்தேன், எவ்வளவு நேரம், பிடித்ததா இல்லையா. ‘கேஜ் கேலிபிரேஷன் சரிபார்த்தேன், 1 மணி, பிடித்தது. கஸ்டமர் கம்ப்ளெயின்ட்டுக்கு எட்டு-டி ரிப்போர்ட், 3 மணி, பிடித்தது. லைனில் நின்று ரிஜெக்‌ஷன் எண்ணினேன், 4 மணி, அலுப்பு.’ இவ்வளவு போதும். (கேஜ் கேலிபிரேஷன் என்பது அளவுக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சோதிப்பது. எட்டு-டி என்பது குறைக்குக் காரணம் கண்டுபிடித்துத் திருத்தும் எட்டுப் படி முறை.)

இந்த நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு வேலை இருக்கிறது. கேலிபிரேஷன் பிடித்தால் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற அளவீட்டு ஆய்வகங்கள், அளவுக் கருவி விற்கும் நிறுவனங்களின் சர்வீஸ் பிரிவு. கம்ப்ளெயின்ட்டை அலசுவது பிடித்தால் சப்ளையர் குவாலிட்டி (பாகம் தருகிற நிறுவனங்களின் தரத்தைப் பார்ப்பது), ஆடிட். வாகனத் துறையின் தர விதிமுறையான ஐ.ஏ.டி.எஃப். 16949 பழகிய கை, மருத்துவக் கருவிகளுக்கான தர விதிமுறையான ஐ.எஸ்.ஓ. 13485 கேட்கும் தொழிற்சாலைக்கு நகர்வது பெரிய தாவல் அல்ல. புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது பிடித்தால் ஐ.டி.ஐ. பயிற்றுநர் வேலை, அதற்கு சி.ஐ.டி.எஸ். என்ற ஓராண்டுப் பயிற்சி உண்டு, சென்னை கிண்டியிலுள்ள தேசியத் திறன் பயிற்சி நிறுவனத்தில் நடக்கிறது.

பட்டியலை இன்னும் விரிக்க மூன்று இடங்கள். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் தளத்தில் 60 கேள்வி கொண்ட ஆர்வச் சோதனை இருக்கிறது, காசில்லை. தொழில்களின் பெயரையும் அன்றாடப் பணிகளையும் மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே போட்டிருக்கும் சம்பளம் நமக்குப் பொருந்தாது. அடுத்தது நம் நாட்டின் தேசியத் தகுதிப் பதிவேடு. ஒரு வேலைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், பயிற்சி எத்தனை மணி நேரம் என்ற கோப்பை அங்கேயே இறக்கிக்கொள்ளலாம். மூன்றாவது, உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். ‘பதிவு புதுப்பிக்கிற ஆபீஸ்’ என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெயரிலேயே இருக்கும் வழிகாட்டுதலை யாரும் போய்க் கேட்பதில்லை. தனியார் வேலைவாய்ப்பு முகாம்களையும் இந்த மையங்கள்தான் நடத்துகின்றன. முகாமுக்குப் போனால் ரெஸ்யூமே கொடுப்பதோடு நிற்காமல், ‘இந்தப் பதவிக்கு வருகிறவர்களிடம் எது குறைகிறது?’ என்று எச்.ஆரிடம் கேளுங்கள். கையோடு பதிவையும் பாருங்கள்: 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் சீனியாரிட்டி போய்விடும்.

பட்டியல் மூன்று வேலைகளாகச் சுருங்கியதும், ஒவ்வொன்றுக்கும் 30 விளம்பரங்களைச் சேருங்கள். நவுக்ரி, லிங்க்ட்இன், தமிழ்நாடு அரசின் தனியார் வேலை இணையதளம், தேசியத் தொழில் சேவைத் தளம் என எங்கிருந்தும் எடுக்கலாம். அவர்கள் கேட்கும் திறன்களை எழுதிக் கோடு போட்டு எண்ணுங்கள். 30-ல் 20 விளம்பரம் கேட்பதைக் கற்றே ஆக வேண்டும். மூன்றே மூன்று கேட்பதை விட்டுவிடலாம். இந்த எண்ணிக்கை இல்லாமல் கோர்ஸ் வாங்குவதில்தான் அதிகம் பேர் பணத்தைக் கோட்டை விடுகிறார்கள்.

பிறகு அந்த வேலையில் இருப்பவர்களிடம் பேசுங்கள். உங்கள் பாலிடெக்னிக் வாட்ஸ்அப் குழுவே நல்ல தொடக்கம். செய்தி இப்படி இருக்கட்டும்: ‘வணக்கம் சார். ஓசூர்ல குவாலிட்டியில 9 வருஷமா இருக்கேன். கேலிபிரேஷன் பக்கம் வரலாமான்னு யோசிக்கிறேன். வேலை கேட்டு எழுதல. உங்க வேலை எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க 15 நிமிஷம் போன்ல பேச முடியுமா?’ பேசும்போது ‘வேலை எப்படி சார்?’ என்றால் ‘பரவாயில்லை’ என்றுதான் பதில் வரும். ‘நேற்று காலையிலிருந்து என்னென்ன செய்தீங்க?’ என்று கேளுங்கள். மாதத்தில் எத்தனை நாள் வெளியூர்ப் பயணம், ஐந்து வருஷத்தில் அடுத்த படி எது என்பதையும் கேட்டுவிடுங்கள். ஒரு வேலைக்கு மூன்று பேரிடமாவது பேசினால்தான் ஒருவருடைய கசப்போ பெருமையோ உங்கள் முடிவாகாது.

கற்க வேண்டியது தெரிந்த பிறகு, ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் இணையவழிப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல். போதும். ஜனவரியிலும் ஜூலையிலும் 4, 8, 12 வாரப் பாடங்கள் தொடங்கும். பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமானால்தான் தேர்வுக் கட்டணம். தேர்வை மையத்தில் நேரில் எழுத வேண்டும், அந்த நாளுக்கு ஷிப்ட் மாற்ற முன்பே சொல்லி வையுங்கள். ஷிப்டில் இருப்பவருக்கு 12 வாரப் பாடம் பாதியில் நின்றுபோகும்; 4 வாரத்தில் தொடங்குங்கள்.

வேலை கிடைத்து மாறும்போது பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்துவிடாதீர்கள். பழைய யு.ஏ.என். எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) புது நிறுவனத்தில் கொடுத்துக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். ஓய்வூதியத் தகுதிக்கு 10 ஆண்டு சேவை வேண்டும். நீங்கள் 9-ல் நிற்கிறீர்கள். ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்தால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.