தொழுவத்தில் நிற்கும் ஸ்டாண்டர்டு 2000

அன்புள்ள அண்ணாச்சி,

எங்கள் மாமாவின் ஸ்டாண்டர்டு 2000 கார் பதினைந்து வருடமாகத் தொழுவத்தில் நிற்கிறது. டீசல் என்ஜின் மாற்றியிருக்கிறது. இந்தப் பக்கத்திலேயே வேறு கிடையாது என்பதால் பல லட்சம் போகும் என்கிறார்கள். ஆனால் ஊருக்கு ஊர் ஓடிய, அதே கம்பெனியின் பழைய ஹெரால்டு காரைத்தான் ஆள் தேடி வருகிறார்கள், இதை யாரும் கேட்கவில்லை. எவ்வளவு சொல்லலாம்? வரி பாக்கியைக் கட்ட வேண்டுமா?

ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பி,

வரியை ஆர்.டி.ஓ. ஆபீசில் கேளுங்கள். விலை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் ஹெரால்டைப் பற்றி எழுதினீர்களே, இரண்டு நாளாக அதே நினைப்பு.

உங்கள் கார் ஏன் அபூர்வம்? 1985-இல் வந்தபோது இங்கிலாந்து ரோவர் எஸ்டி1-இன் உடம்பு அதற்கு, பார்க்க ராஜா. உள்ளே அதே கம்பெனியின் பழைய வான்கார்டு கார் காலத்து இரண்டு லிட்டர் என்ஜின். பெட்ரோலைக் குடித்தது, இழுவை இல்லை. சில வருடங்களிலேயே நிறுத்திவிட்டார்கள். வாங்க ஆளில்லாமல் குறைந்துபோனது வேறு, எல்லோரும் ஆசைப்பட்டும் கிடைக்காதது வேறு. ஃபெராரி 250 ஜிடிஓ மொத்தம் 36தான். 2018-இல் ஒன்று 4.84 கோடி டாலருக்கு ஏலம் போனது. 36 என்பதாலா? பந்தயத்தில் ஜெயித்த கார் அது. ஜாகுவார் ஈ-டைப் 70,000க்கு மேல் செய்தார்கள், அதற்கும் இன்றுவரை கிராக்கிதான். இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் ஏறுவதில்லை. 'ஒண்ணுதான் இருக்கு' என்றே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கேட்க ஆள் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு டாக்டர் ஹெரால்டு வைத்திருந்தார். அதன் முன்பக்கம் மட்கார்டோடு சேர்த்து அப்படியே முன்னால் கவிழும். என்ஜின் நடுத்தெருவில் தனியாக நிற்பதுபோல் தெரியும். மெக்கானிக் முன்டயர் மேல் உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றுவார். பள்ளிக்கூடம் விட்டு வரும் நாங்கள் நாலைந்து பேர் பையைக்கூட இறக்காமல் பார்த்துக்கொண்டு நிற்போம். ராத்திரியில் ஆற்றுப்பாலம் தாண்டும்போதே சத்தம் கேட்கும். என் தங்கை பிறந்த ராத்திரி ஆச்சி வாசல் விளக்கைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்துக்காகத்தான் நின்றிருந்தாள். "வந்துட்டாரு" என்று அவள் சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது. இப்படி ஊருக்கு ஒருவராவது ஹெரால்டைப் பற்றிச் சொல்ல இருக்கிறார்கள். அதனால்தான் தேடி வருகிறார்கள், தம்பி.

உங்கள் மாமாவும் அந்த 2000-ஐ ஆசையாகத்தான் வாங்கியிருப்பார். அவரிடம் ஒரு நாளாவது உட்கார்ந்து அந்தக் காரைப் பற்றிக் கேட்டீர்களா? கடிதத்தில் ஒரு வரி இல்லை. லட்சம் மட்டும் இருக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது. கழற்றிய பழைய என்ஜின் எங்கே? அதையும் எடைக்குப் போட்டாயிற்றா? ஆர்.சி. புத்தகத்தில் டீசல் என்று மாற்றினீர்களா? அது இல்லாமல் விலை பேசுவது வீண்.

சரி, முதலில் தொழுவத்தைச் சுத்தம் செய்யுங்கள். டயருக்குக் காற்றடித்து வண்டியை வெயிலுக்குத் தள்ளுங்கள். மாமாவை நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள். பழைய என்ஜினைப் பற்றியும்.