எலியாக வரையப்பட்ட மனைவி

அன்புள்ள அக்கா,

போன மாதம் நீங்கள் 'மௌஸ்' என்ற காமிக்ஸ் புத்தகத்தைப் பற்றி எழுதியிருந்ததைப் பார்த்து வாங்கிப் படித்தேன். இரண்டு நாள் சரியாகத் தூக்கமில்லை. அப்புறம் ஒரு கேள்வி வந்தது. யூதர் என்றால் நமக்குத் தெரிந்தது ஒன்று வதைமுகாம், இல்லையென்றால் இஸ்ரேல் பற்றிய செய்தி. ஒரு யூதர் தன்னைப் பற்றிச் சொல்ல வேறு கதையே இல்லையா? அதைக் காமிக்ஸில் சொல்ல என்ன அவசியம்? நான் இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்தவன், அதனால் கேட்கிறேன். என் மகளுக்குப் பதினைந்து வயது. நன்றாக வரைவாள். அவளுக்கு எதைக் கொடுக்கலாம்?

ஆர்., ராஜபாளையம்

அன்புள்ள ஆர்.,

'மௌஸ்' இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். வதைமுகாமிலிருந்து பிழைத்து வந்த அப்பாவின் கதையை வரைகிற ஆர்ட் ஸ்பீகல்மன், மரத்தடியில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். மனைவி பிரான்சுவாஸை எந்த மிருகமாக வரைவது என்று தெரியவில்லை. அந்தக் கதையில் யூதர்கள் எலி, ஜெர்மானியர்கள் பூனை. மனைவியோ பிரெஞ்சுக்காரி. தவளை, நாய், முயல் என்று வரைந்து பார்க்கிறார். மனைவி வந்து, நானும் எலிதானே என்கிறாள். அவள் யூத மதத்துக்கு மாறியவள். ஆனால் நீ பிரெஞ்சு ஆயிற்றே என்கிறார் இவர். யார் யூதர் என்ற கேள்வி அங்கே ஒரு புருஷன் பெண்டாட்டி பேச்சாக வந்துவிடுகிறது. முகாம் பக்கங்களின் கனத்தில் இது நம் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

காமிக்ஸில் சொல்ல என்ன அவசியம் என்ற கேள்விக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. உரைநடையில் 'ஒரு யூதர் வந்தார்' என்று எழுதிவிட்டு மேலே போய்விடலாம். வரைகிறவர் அப்படிப் போக முடியாது. என்ன மூக்கு, என்ன தொப்பி, தோல் என்ன நிறம், அடுப்பில் என்ன பாத்திரம் என்று எல்லாவற்றையும் முடிவு செய்தாக வேண்டும். 1923இல் தொடங்கிய 'டெர் ஸ்டூர்மர்' என்ற நாஜிப் பத்திரிகை யூதர் அத்தனை பேருக்கும் ஒரே கோர முகத்தை வரைந்து வரைந்துதான் வெறுப்பை வளர்த்தது. படத்தால் செய்த கேட்டுக்குப் படத்தாலேயே பதில் சொல்ல ஒருவருக்குத் தோன்றினால் அதில் எனக்கு முழு நியாயம் தெரிகிறது. ஸ்பீகல்மனுக்கு இதிலும் ஒரு வேதனை. அவருடைய அப்பா நிஜமாகவே கஞ்சர். பிரித்துச் சாப்பிட்ட சாமானைக் கடையில் திருப்பிக் கொடுக்கிற அளவுக்கு. அதை வரைந்தால் வெறுப்பாளர்களின் கேலிச்சித்திரம் போலவே இருக்குமே என்று புத்தகத்துக்குள்ளேயே கவலைப்படுகிறார். ஆனாலும் வரைகிறார். அப்பாவை அப்பாவாகவே விட்ட அந்தத் துணிச்சலுக்காக எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

சரி, முகாமுக்கு வெளியே வருவோம். ழோவான் ஸ்ஃபார் என்ற பிரெஞ்சு ஓவியருக்கு அப்பா வழி அல்ஜீரிய யூதக் குடும்பம், அம்மா வழி உக்ரைன் யூதக் குடும்பம். ஒரே வீட்டில் இரண்டு உலகம். 2002இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய 'ராபியின் பூனை', அல்ஜீரியாவைப் பிரான்ஸ் ஆண்ட காலத்தில், அல்ஜியர்ஸ் நகரத்தில் நடக்கிறது. ராபி என்றால் யூத மதகுரு. அவர் வீட்டுப் பூனை கிளியைத் தின்றுவிட்டுப் பேசத் தொடங்குகிறது. பேச வந்ததும் தானும் யூதனாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறது.

அதில் எனக்கு மறக்காத இடம், ராபிக்கு வைக்கிற டிக்டேஷன் பரீட்சை. ஊரே மதிக்கிற பெரியவர். ஹீப்ருவில் தொழுகிறார், அரபியில் பேசுகிறார். ஆனால் அதிகாரபூர்வமான ராபியாக இருக்க வேண்டுமென்றால் பிரெஞ்சில் பிழையில்லாமல் எழுதிக் காட்ட வேண்டும் என்று பிரான்ஸிலிருந்து உத்தரவு. தாடி நரைத்த மனிதர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். 1870இல் பிரான்ஸ் அல்ஜீரிய யூதர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. 1940இல் பறித்தது. அப்புறம் திருப்பிக் கொடுத்தது. 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றபோது ஏறக்குறைய எல்லோருமே ஊரைவிட்டுப் போனார்கள். அந்த வரலாறு முழுக்க எனக்கு அந்தப் பரீட்சைக் காட்சியிலேயே தெரிகிறது. பின்னால் ராபி பாரிஸுக்குப் போகிறார். அவருடைய சொந்தக்காரப் பையன் அங்கே அரபு வேஷம் போட்டுப் பாடிப் பிழைக்கிறான். வட ஆப்பிரிக்க யூதன் என்று சொன்னால் கேட்பவர்களுக்குப் பிடிபடாது என்பது அவன் கணக்கு.

மிரியம் காட்டின் வேறு மாதிரி. 1944இல் புடாபெஸ்டில் அவருடைய அம்மா, தாங்கள் செத்துப்போனதாக நம்பவைத்துவிட்டு, பொய்க் காகிதங்களோடு, கைக்குழந்தையுடன் வந்த வேலைக்காரியாக நடித்துக் கிராமத்துக்குத் தப்பினார். குழந்தை மிரியம்தான். அறுபது வயதுக்கு மேல், 2006இல், அதைப் பென்சிலிலேயே வரைந்து புத்தகமாக்கினார். பயம் வருகிற பக்கங்களில் பென்சில் கோடு இறுகிக் கிறுக்கலாகிவிடுகிறது. இதை அச்செழுத்தில் செய்ய முடியாது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. கொச்சியில் 1912இல் பிறந்த ரூபி டேனியல் என்ற யூதப் பெண், இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் வேலை பார்த்தவர். 1951இல் இஸ்ரேல் போய் ஒரு கிப்புட்ஸில், அதாவது கூட்டுப் பண்ணையில், வாழ்ந்தார். 1995இல் அவருடைய நினைவுகள் புத்தகமாக வந்தன. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி தொழுகைக்கூடத்தில் (பரதேசி என்றால் இங்கே வெளிநாட்டிலிருந்து வந்த யூதர்) அவருடைய பிரிவினருக்கு அந்தக் காலத்தில் சம இடம் கிடைக்கவில்லை. யூதருக்குள்ளேயே மேல் கீழ். ஏ. பி. சேலம் என்ற வக்கீல், அவரும் அதே பிரிவில் பிறந்தவர், இதை எதிர்த்துச் சத்தியாகிரகம் செய்தார். இன்னொரு பக்கம், கொச்சி யூதப் பெண்கள் கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளத்தில் பாடிய பாட்டுகளை நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதி வைத்திருந்தார்கள். ரூபி அவற்றைச் சேகரித்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். அந்தத் தொழுகைக்கூடத்தின் நீலப் பூப்போட்ட சீனத் தரை ஓடு, வாசல் அறையோடு நிறுத்தப்பட்ட ஒரு சிறுமி, மலையாள எழுத்து நிரம்பிய நோட்டு. எனக்கு வரைய வந்தால் இதிலிருந்துதான் தொடங்குவேன்.

உங்கள் மகள் முதலில் காட்டினைப் படிக்கட்டும். வரைகிற கைக்கு அந்தப் பென்சில் உடனே புரியும். அடுத்தது 'மௌஸ்', நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது. 'ராபியின் பூனை'யில் பெரியவர்களுக்கான சில பக்கங்கள் உண்டு. நீங்கள் படித்துவிட்டு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள். அவள் வரைந்தது ஏதாவது இருந்தால் அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா