உட்கார்ந்திருப்பதும் உழைப்பதும்: மொரீசியசுத் தமிழர் கேட்ட கேள்விகளும் பதில்களும்

மக்கள் எவ்வளவு நேரம் அசைகிறார்கள், எவ்வளவு நேரம் அசையாதிருக்கிறார்கள் என்பதை அளந்து ஒப்பிடுவதே என் துறை. ஒருவருடைய மூட்டுவலிக்கோ மாத்திரைக்கோ இங்கே நான் பதில் சொல்வது முறையாகாது. மற்றவற்றுக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி (குவாத்ரே போர்ன்): அம்மா, நாள்தோறும் காலையில் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்கிறேன். பிறகு எபேனில் உள்ள அலுவலகத்தில் ஒன்பது மணி நேரம் கணினி முன் உட்கார்ந்திருக்கிறேன். நான் எந்தக் கணக்கில் வருவேன்?

பதில்: இரண்டு கணக்கிலும் வருவீர்கள் ஐயா. பலரும் குழம்புவது இங்கேதான். வயதுவந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாகவோ, 75 முதல் 150 நிமிடம் கடுமையாகவோ உடலை இயக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி. உங்கள் நடை வாரத்துக்கு 315 நிமிடம் ஆகிறது. எனவே போதிய இயக்கம் இல்லாதவர் பட்டியலில் நீங்கள் இல்லை. ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் உட்கார்ந்தோ சாய்ந்தோ படுத்தோ, ஓய்வில் செலவாகும் ஆற்றலைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் செலவழிக்காமல் கழியும் பொழுது தனியாக அளக்கப்படுகிறது. அந்தக் கணக்கில் உங்கள் பகல் முழுவதும் அடங்கிவிடுகிறது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டி 2016-இல் வெளிவந்த ஆய்வு, நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் கூடும் இறப்பு அபாயத்தை 60 முதல் 75 நிமிட மிதமான இயக்கம் ஈடுசெய்வதாகக் காட்டியது. இன்னும் கால் மணி நேரம் கூட்டி நடந்தால் நீங்கள் அந்த அளவை எட்டிவிடுவீர்கள். தொலைக்காட்சி முன் நெடுநேரம் உட்காருவோருக்கு அதே ஆய்வில் அபாயம் குறைந்ததே தவிர, முழுவதும் நீங்கவில்லை.

கேள்வி (ரோஸ் ஹில்): நாளுக்குப் பத்தாயிரம் காலடி நடந்தே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. சராசரியாக 72 வயதான அமெரிக்கப் பெண்களிடம் கருவி கொண்டு அளந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்குப் பின் மேலும் குறையவில்லை.

கேள்வி (க்யூர்பிப்): கரும்பு வெட்டிய என் தாத்தாவுக்குச் சர்க்கரை நோய் இல்லை. அப்பாவுக்கும் எனக்கும் இருக்கிறது. இது இந்திய வம்சாவளியினரின் இரத்தத்திலேயே ஊறியது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியிருக்க, உட்கார்ந்து செய்யும் வேலையைக் குறை சொல்வது சரியா?

பதில்: தாத்தாவுக்கு எவராவது இரத்தத்தைச் சோதித்தார்களா என்பதை முதலில் விசாரியுங்கள். அளக்காததை இல்லாதது என்று கொள்வது என் துறையில் நான் ஓயாமல் எச்சரிக்கும் பிழை.

இரத்தம் பற்றிய வாதத்துக்கு இந்தத் தீவே நல்ல சான்று வைத்திருக்கிறது. 1987-இல் 25 முதல் 74 வயது வரையிலான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மொரீசியசு மக்களைச் சோதித்தபோது, இந்திய வம்சாவளியினரிடம் மட்டுமன்றி, பெரும்பாலும் ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் மக்களிடமும் சீன வம்சாவளியினரிடமும் நீரிழிவு ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தது. அன்றைய சீனாவிலோ அந்நோய் மிகக் குறைவு. ஒரே தீவில், ஒரே விதமாக மாறிவந்த வாழ்க்கைக்குள், மூன்று வெவ்வேறு மரபினர் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வயிற்றுப் பருமனும் உடலியக்கக் குறைவும் தனித்தனியே நீரிழிவோடு தொடர்புடையன என்பதையும் அந்தத் தரவுகளே காட்டின.

கேள்வி (வாக்வா): மன்னிக்கவும் அம்மா, இதை ஏற்க முடியவில்லை. தெற்காசியர்களுக்கு அதிக உடற்பயிற்சி தேவை என்று ஆய்வு இருக்கிறதே. அப்படியானால் இரத்தத்துக்குப் பங்கு உண்டு அல்லவா?

பதில்: உண்டு, நான் மறுக்கவில்லை. நீங்கள் சொல்வது பிரிட்டனில் நடுவயது ஆண்களிடம் நடத்தி 2013-இல் வெளிவந்த ஆய்வாக இருக்கும். ஐரோப்பியர் வாரத்துக்கு 150 நிமிடத்தில் பெறும் இதய, வளர்சிதைமாற்ற நலனைத் தெற்காசியர் பெற ஏறத்தாழ 230 நிமிடம் வேண்டும் என்று அது கணக்கிட்டது. ஆயினும் அது சிறிய ஆய்வு. ஒவ்வொருவரையும் ஒரே ஒரு முறை அளந்ததை மட்டும் கொண்டது. அதை அப்படியே ஏற்றாலும் கிடைக்கும் முடிவு என்ன? நம்மவர் இன்னும் கூடுதலாக இயங்க வேண்டும் என்பதுதான். இரத்தத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு நாற்காலியில் இருந்துவிடலாம் என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை.

கேள்வி (வாக்வா, மீண்டும்): உலக அளவிலும் தெற்காசியாதானே பின்தங்கியிருக்கிறது?

பதில்: 2022-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில் உலக வயதுவந்தோரில் 31 விழுக்காட்டினர் போதிய இயக்கமின்றி இருந்தார்கள், தெற்காசியாவில் 45. ஆனால் அதைவிட உயர்ந்து 48 விழுக்காட்டில் நிற்பது ஆசிய பசிபிக்கின் செல்வமிக்க நாடுகளின் வட்டாரம். மிகக் குறைந்து 14-இல் நிற்பது ஓசியானியா. இவற்றை இனத்தின் இயல்பாக வாசிக்காதீர்கள். வேலை, தெரு, பேருந்து, பெண்கள் வெளியே நடக்கக் கிடைக்கும் நேரம் ஆகிய எல்லாம் இந்த எண்களுக்குள் இருக்கின்றன. மேலும், இவை பெரும்பாலும் மக்களே வாயால் சொன்னதைக் கொண்டவை. எண்ணைப் பார்க்கும் முன் அளந்த முறையைக் கேளுங்கள்.

கேள்வி (போர்ட் லூயிஸ்): இருபத்திரண்டு ஆண்டுகள் ஆடை ஆலையில் தைத்தேன். வீட்டுக்கு வந்தால் சமையல், துணி, மாமியார். இதெல்லாம் கணக்கில் வராதா அம்மா?

பதில்: வரும் அம்மா, வர வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள் வீட்டு வேலையையும் வேலையாகவே எண்ணுகிறது; உடற்பயிற்சியை மட்டும் விசாரித்த கணக்கெடுப்புகள் உங்களைப் போன்றவர்களைச் சோம்பியவர்களாகக் காட்டிவிட்டன. தொடர்ந்து பத்து நிமிடம் செய்தால்தான் சேரும் என்ற பழைய விதியும் 2020-இல் நீங்கிவிட்டது. மாடிப்படியில் வாளி தூக்கிய இரண்டு நிமிடமும் சேரும். ஆனால் ஆலையில் தைத்த பொழுதெல்லாம் உட்கார்ந்த நேரம்தான். 1970-இல் ஏற்றுமதி ஆலைகளை ஊக்குவித்த ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தபின் இங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பலர் இன்று கணினியின் முன் அமர்ந்திருக்கிறார்கள். அதை எவருடைய குணக்குறையாகவும் நான் எழுத மாட்டேன்.

கேள்வி (மாயேபூர்): அப்படியானால் நாள் முழுதும் சுமை தூக்குபவருக்கு நடைப்பயிற்சி தேவையில்லைதானே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. பல ஆய்வுகளைத் தொகுத்த 2018-ஆம் ஆண்டு அறிக்கையில், வேலையில் குறைவாக உடலுழைத்த ஆண்களைவிடக் கடுமையாக உழைத்த ஆண்களிடையே முன்கூட்டிய இறப்பு அபாயம் 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஓய்வு எடுக்கும் உரிமை இல்லாத உழைப்பு, இரத்த அழுத்தத்தை நெடுநேரம் உயர்த்தி வைக்கிறது என்பது முன்வைக்கப்படும் விளக்கங்களில் ஒன்று. ஆகவே வேலையில் தூக்கும் சுமை நடைப்பயிற்சிக்கு ஈடாகாது; அவருக்கு முதலில் தேவை இடையிடையே ஓய்வு.

கேள்வி (ரோஸ் ஹில்): எட்டாயிரம் அடி போதுமா?

பதில்: மேலே சொல்லியிருக்கிறேன், வாசியுங்கள்.

கேள்வி (போ பாசேன்): நின்றுகொண்டே வேலை செய்யும் மேசை வாங்கலாமா?

பதில்: அசையாமல் நிற்பதற்கும் உட்காருவதற்கும் ஆற்றல் செலவில் வேறுபாடு சிறிது. தான்சானியாவின் ஹட்சா வேட்டைச் சமூகத்தினரும் நாளில் ஏறத்தாழ பத்து மணி நேரம் ஓய்ந்தே இருக்கிறார்கள். ஆனால் அதில் ஒரு பகுதி குந்தியும் மண்டியிட்டும் கழிகிறது, அப்போது கால் தசைகள் ஓரளவு வேலை செய்கின்றன. பணத்தைச் செலவழிக்குமுன் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்து பாருங்கள்.

கேள்வி (க்யூர்பிப்): ஆண்டுதோறும் காவடி எடுத்து வெறுங்காலில் நடக்கிறேன். அது போதாதா?

பதில்: அது வேண்டுதலுக்குப் போதும். வழிகாட்டி கேட்பது வாரந்தோறும்.

கேள்வி (குவாத்ரே போர்ன்): முழங்கால் வலிக்கிறது, நடக்கலாமா?

பதில்: உங்கள் வட்டாரச் சுகாதார நிலையத்தில் இயன்முறை மருத்துவரிடம் காட்டிவிட்டு நடங்கள்.

கேள்வி (ரோஸ் ஹில்): அடி எண்ணும் கருவியில் எது நல்லது?

பதில்: அடிகளைப் பற்றிய கேள்விகளை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். வாக்வா அன்பருக்கு மட்டும் ஒன்று: 1987-க்குப் பின் இத்தீவில் நடந்த கணக்கெடுப்புகளின் அறிக்கைகளைத் தேடி வாசியுங்கள். உடலியக்கத்தைப் பற்றி எந்தக் கேள்வியைக் கேட்டார்கள் என்று ஒவ்வோர் ஆண்டுக்கும் குறித்துக்கொண்டு வாருங்கள், அதன்பின் இரத்தத்தைப் பற்றிப் பேசுவோம்.