காபியில் போடும் இனிப்பு மாத்திரையால் குழந்தை பிறக்காமல் போகுமா?

வயது 36. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் குழந்தை இல்லை. தினமும் நாலு காபிக்கும் செயற்கை இனிப்பு மாத்திரைதான் போட்டுவந்தேன். அது விந்தணுவை அழித்துவிடும் என்று மொபைலில் ஒரு வீடியோ பார்த்ததும் பயந்துபோய் நாட்டுச்சர்க்கரைக்கு மாறிவிட்டேன். முடி கொட்டுகிறது, வாயுத் தொல்லை, ராத்திரியில் பாதம் எரிகிறது. ஒரு வருடமாக விந்து மிகக் குறைவாக வருகிறது. பரிசோதனையில் 0.5 மி.லி.தான். உறவுக்குப் பிறகு சிறுநீர் கலங்கலாகப் போகிறது. டெஸ்டோஸ்டிரான் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஜிம் நண்பர். போட்டுக்கொள்ளலாமா?

மருத்துவர் பதில்

போடவே போடாதீர்கள். டெஸ்டோஸ்டிரான் வெளியிலிருந்து வந்தால், விரைக்கு உத்தரவு அனுப்பும் பிட்யூட்டரி சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும். எண்ணிக்கை பூஜ்யத்துக்கே இறங்கலாம். ஊசியை நிறுத்திய பிறகும் பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள் ஆகும். குழந்தை வேண்டும் என்பவருக்கு இதைவிட மோசமான யோசனையை யாரும் சொல்ல முடியாது.

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு விஷயங்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன: விந்தின் அளவு குறைந்திருப்பது, பிறகு சிறுநீர் கலங்கலாகப் போவது. விந்து வெளிவரும் நேரத்தில் சிறுநீர்ப்பையின் கழுத்து இறுக மூடிக்கொள்ள வேண்டும். அதை மூடவைப்பவை நம் கட்டுப்பாட்டில் இல்லாத தானியங்கி நரம்புகள். சர்க்கரை வருடக்கணக்கில் ஏறியே இருந்தால் அந்த நரம்புகள் கெட்டுப்போகும். வாசல் திறந்து கிடக்க, விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். அடுத்து சிறுநீர் கழிக்கும்போது கலங்கலாக வருவது அனேகமாக அதுதான். உடம்புக்கு இதனால் கெடுதல் இல்லை, கருத்தரிப்பதற்குத்தான் தடை. பாத எரிச்சலுக்கும் சர்க்கரைதான் காரணமாக இருக்க வேண்டும். அங்கே கெடுவது வேறு நரம்பு.

விந்தின் அளவுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கீழ் எல்லை 1.4 மி.லி. மாதிரி கொடுக்கும்போது கொஞ்சம் சிந்தியிருந்தாலும் அளவு குறைவாகக் காட்டும், அதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. அதனால் யூராலஜிஸ்ட்டிடம் போய், விந்து கொடுத்தவுடன் எடுக்கும் சிறுநீரில் விந்தணு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் விடை கிடைத்துவிட்டது. இல்லாவிட்டால் விந்து வரும் நாளத்தில் அடைப்பு, ஹார்மோன் குறைவு என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

பின்னோக்கிப் போவதுதான் பிரச்சினை என்றால் வழி இருக்கிறது. சிறுநீர்ப்பையின் கழுத்தை இறுக்கும் மாத்திரைகள் சிலருக்குப் பலன் தரும். அவை ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை, மருந்துக் கடையில் நீங்களாக வாங்கும் சமாச்சாரம் அல்ல. அதுவும் பலிக்காவிட்டால், சிறுநீரிலிருந்தே விந்தணுவைப் பிரித்தெடுத்து மனைவியின் கருப்பைக்குள் செலுத்தலாம். சிறுநீரின் அமிலம் விந்தணுவைக் கொன்றுவிடும் என்பதால் அதைக் குறைக்க முன்கூட்டியே மருந்து கொடுப்பார்கள்.

சரி, இனிப்பு மாத்திரை. இப்படிப்பட்ட மாத்திரைகள் பலவற்றில் இருக்கும் செயற்கை இனிப்பு அஸ்பார்டேம். அதை அளவுக்கு மீறிக் கொடுத்த எலிகளுக்கு விந்தணு குறைந்ததாகச் சில ஆய்வுகள் உண்டு. வீடியோக்காரர்கள் பிடித்துக்கொண்டது அதைத்தான். காபியில் மாத்திரை போட்டுக் குடித்ததால் மனிதருக்கு மலட்டுத்தன்மை வந்தது என்று நிரூபணமாகவில்லை. சர்வதேச நிபுணர் குழு வைத்திருக்கும் உச்சவரம்பு, உடல் எடையில் கிலோவுக்குத் தினமும் 40 மி.கி. 70 கிலோ ஆளுக்கு அது 2,800 மி.கி. ஒரு மாத்திரையில் சுமார் 20 மி.கி. என்று வைத்துக்கொண்டால் 140 மாத்திரை. நாலு காபிக்கு நீங்கள் எத்தனை போட்டிருப்பீர்கள்? 2023இல் அஸ்பார்டேமைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்து ஒரே களேபரமானபோதும் இந்த வரம்பை மாற்றவில்லை.

நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான், ஐயா! நரம்பைக் கெடுத்த அதே சாமானை, விந்தணுவைக் காப்பாற்றுவதாக நினைத்துக் காபியில் கரைத்துக் குடிக்கிறீர்கள். இன்றே நிறுத்துங்கள். எந்த இனிப்பும் இல்லாமல் குடிக்கப் பழகினால் இன்னும் நல்லது.

முடியும் வாயுவும் காத்திருக்கட்டும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ, மாடிப்படி ஏறும்போது புதிதாக மூச்சு வாங்கினாலோ மட்டும் காத்திருக்காதீர்கள். தானியங்கி நரம்புகள் பழுதானவர்களுக்கு இதயக் கோளாறு நெஞ்சு வலியே இல்லாமல் வரலாம்.

யூராலஜிஸ்ட்டைப் பார்க்கப் போகும்போது மூன்று மாதச் சர்க்கரை சராசரி ரிப்போர்ட்டும், நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும் கையில் இருக்கட்டும். சில மாத்திரைகளும் விந்தைப் பின்னால் தள்ளும். இரண்டு வருடம் ஆகிவிட்டதால் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கும் பரிசோதனை தேவை.